ஊராரின் யோசனையும் ஊரின் வருமானமும்

கிராம சபைத் தீர்மானப் பதிவேடு ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே வகையான வாசகங்களே கண்ணில் படும். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறது, சுடுகாட்டுப் பாதை சேறாகிவிட்டது, நியாயவிலைக் கடைக்குச் சொந்தக் கட்டடம் வேண்டும். யாவும் நியாயமான குறைகள், தீர்க்கப்பட வேண்டியவை. ஆயினும், ஊரில் விளையும் நிலக்கடலைக்கு ஏன் விலை கிடைப்பதில்லை, கோடை மாதங்களில் கூலியாட்களுக்கு வேலை எங்கிருந்து வரும், பொதுவிடத்துப் புளிய மரங்களின் மகசூல் யார் கைக்குப் போகிறது என்ற கேள்விகளும், அவற்றுக்கு ஊரார் எண்ணும் பரிகாரங்களும் அப்பதிவேட்டில் அபூர்வமாகவே காணப்படுகின்றன. இவற்றைப் பற்றி ஊராருக்கு யோசனை கிடையாது என்று யாரும் எண்ணிவிடலாகாது. டீக்கடைத் திண்ணையிலும், களத்துமேட்டிலும், பால் சங்கத்தின் வாசலிலும் நாள்தோறும் பேசப்படுவது இவைதாம். அங்கே தாராளமாகப் பேசப்படுவது சபையில் பேசப்படாமல் போவதற்குக் காரணம், நாம் கேட்கும் முறையில் உள்ள குறையே என்பது நம் கருத்து.

பஞ்சாயத்துகளின் கடமை இன்னதென்று அரசியல் சட்டமே கூறியிருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் அமுலுக்கு வந்தது. பொருளாதார அபிவிருத்திக்கும் சமூக நீதிக்கும் உரிய திட்டங்களைத் தயாரிப்பது பஞ்சாயத்துகளின் பணி என்று அதன் மூலம் சேர்க்கப்பட்ட 243-ஜி பிரிவு குறிப்பிடுகிறது. அத்திருத்தத்தோடு வந்த பதினோராவது அட்டவணையில் கண்ட 29 விஷயங்களுள் முதலாவதாக நிற்பது விவசாயம். சிறு பாசனம், கால்நடை, மீன் வளம், சிறு தொழில், கதர்த் தொழில், குடிசைத் தொழில், சந்தை ஆகியனவும் அதில் உண்டு. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, சாலையும் விளக்கும் மாத்திரமே பஞ்சாயத்தின் வேலை என்று நாமே நம் கடமையைச் சுருக்கிக்கொள்வது பொருந்தாது. 2015-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கிராம ஊராட்சியும் வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தயாரித்து வருகிறது. அத்திட்டம் வேலைகளின் ஜாபிதாவாக நின்றுவிடுமா, ஊரின் வருமானத்தைப் பெருக்கும் வழியாக ஆகுமா என்பது, அதற்கு அடிப்படையான யோசனைகளை எப்படித் திரட்டுகிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.

மக்களைக் கேட்டுத் திட்டமிடுவது புதிய எண்ணமன்று. சென்னை ராஜதானியில் 1946-இல் தொடங்கிய பிர்க்கா அபிவிருத்தித் திட்டம் இந்த நோக்கத்தோடுதான் பிறந்தது. 1948-இல் உத்தரப் பிரதேசத்தின் எடாவா ஜில்லாவில் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்க நகரமைப்பு நிபுணரின் யோசனையின்பேரில் ஒரு பரீட்சைத் திட்டம் நடந்தது. கிராம ஊழியர் தமக்கு மேலுள்ள அதிகாரியிடம் அச்சமின்றித் தம் அபிப்பிராயத்தைச் சொல்ல முடியாவிட்டால், குடியானவர் அந்த ஊழியரிடம் மனந்திறந்து பேசமாட்டார் என்று மேயர் வற்புறுத்தினார். இது இன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. பிறகு 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமூக நலத் திட்டங்கள் நாடெங்கும் தொடங்கப்பெற்றன. ஐந்தாண்டுகள் கழித்து, 1957-இல், பல்வந்தராய் மேத்தா குழு அவற்றை ஆராய்ந்தபோது, மக்களின் சொந்த முயற்சியைத் தூண்டுவதில் அத்திட்டங்கள் வெற்றி பெறவில்லை என்று கண்டது. பணமும் அதிகாரமும் ஊராரின் கையில் இல்லாத வரையில் அவர்களின் ஊக்கம் பிறக்காது என்பதே அக்குழுவின் முடிவின் சாரம். 1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டமும், அதன் வழிவந்த பஞ்சாயத்து யூனியன்களும் இந்த முடிவின் பின்னணியில் எழுந்தவை.

கேரளத்தின் பரீட்சை

பொதுமக்களின் யோசனைகளை ஒரு மாநிலம் முழுவதிலும் ஒரே சமயத்தில் திரட்ட முயன்றதற்கு நம் அண்டை மாநிலமான கேரளமே சிறந்த உதாரணம். அங்கு நடந்தவற்றில் நாம் பின்பற்றத்தக்கவையும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கவையும் உண்டு. ஆகையால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

1996 ஆகஸ்டு 17-ஆம் நாள், மலையாளப் புத்தாண்டான சிங்ஙம் முதல் தேதியன்று, அங்கு மக்கள் திட்ட இயக்கம் தொடங்கிற்று. அப்போது முதலமைச்சர் இ. கே. நாயனார், திட்டக் குழுவின் துணைத் தலைவர் பொருளாதார அறிஞர் ஐ. எஸ். குலாட்டி. மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சி மன்றங்களுக்கு விடப்படும் என்று முதலிலேயே அறிவிக்கப்பட்டது. இங்குதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. ‘உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், மேலே எழுதிப் பார்க்கிறோம்’ என்று கேட்பது ஒன்று. ‘இவ்வளவு பங்கு உங்கள் மன்றத்துக்கு வரப்போகிறது, இதை எதில் இட்டால் ஊர் செழிக்கும்?’ என்று கேட்பது வேறொன்று. முன்னதற்கு மனு பதிலாக வரும். பின்னதற்கு ஆலோசனை வரும்.

அந்த ஆண்டின் இறுதிக்குள் 990 கிராமப் பஞ்சாயத்துகளிலும் வார்டு வாரியாகக் கிராம சபைகள் கூடின. மொத்தத்தில் கலந்துகொண்டோர் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களுள் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கூட்டங்கள் விடுமுறை நாட்களில் நடந்தன. தொண்டர்கள் முன்னதாக வீடு வீடாகச் சென்று அழைத்தனர். அன்று மேடைப் பேச்சு சுருக்கமாகவே முடிந்துவிடும். உடனே சபையோர் விவசாயம், கால்நடை, குடிநீர், தொழில், கல்வி, பெண்கள் நலம் என்றவாறு சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து உட்காருவார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் வகுப்புக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்து, வரிசையாகக் கேள்விகளைக் கேட்டுப் பதில்களை எழுதிக்கொள்வார். கடைசியில் எல்லாரும் மீண்டும் ஒன்றாகக் கூடி, குழுக்களின் அறிக்கைகளைக் கேட்பார்கள். இவ்விதம் கேட்டு எழுதுவதற்கென்று மாநிலம் முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பயிற்சி பெற்றிருந்தனர். யோசனை கேட்பது பயிற்சி வேண்டிய ஒரு வேலை என்று அந்த இயக்கம் உணர்ந்திருந்தது. நாமோ அதை, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால் தானே நடந்துவிடும் காரியம் என்று எண்ணுகிறோம்.

இந்த முறைக்கு ஒரு முன்னோடியும் இருந்தது. கண்ணூர் ஜில்லாவின் கல்யாசேரிப் பஞ்சாயத்தில், 1990-களின் தொடக்கத்தில், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் உதவியோடு ஊர்த் தொண்டர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து நிலம், நீர் முதலியவற்றின் படத்தைத் தயாரித்தார்கள். எந்த வயல் தரிசாகக் கிடக்கிறது, எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றுகிறது என்பது எல்லாரும் காணப் படத்தில் ஏறியபின், பேச்சு தானாகவே குறையிலிருந்து யோசனைக்குத் திரும்புகிறது. கையில் படமின்றிப் பேசினால் குரல் பெரியவரின் வயலே ஊர் வயலாகிவிடும்.

கேரளத்தில் கிராம சபைகள் முடிந்ததும், வந்த யோசனைகள் அப்படியே திட்டமாக்கப்படவில்லை. வார்டுகளில் கூடியோர் பெரும்பாலும் தம் தம் வார்டுக்கே ஒரு சாலையும் ஒரு கட்டடமும் கேட்டார்கள். இது மனித இயல்பு. ஆகையால், அடுத்தபடியாக ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் இயற்கை வளம், விளைச்சல், தொழில், கடந்த கால முயற்சிகள் ஆகியவற்றைத் தொகுத்து ஒரு வளர்ச்சி அறிக்கை வெளியிட்டது. அதன் பேரில் வளர்ச்சிக் கருத்தரங்கு ஒன்று கூடிற்று. வார்டுகளின் கோரிக்கைகளை அங்கு ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார்கள். பின்னர் துறைவாரியாகச் செயற்குழுக்கள் அமைந்து திட்டங்களை எழுதின. அங்கத்தினர் ஒருவர் தலைவர். அத்துறையின் உள்ளூர் அதிகாரி அமைப்பாளர். அப்படி எழுதிய திட்டங்களிலும் பல, செலவுக் கணக்கின்றியும் நுட்ப விவரங்களின்றியும் இருந்ததால், ஓய்வு பெற்ற இன்ஜினீயர்களும் விவசாய நிபுணர்களும் அடங்கிய தொண்டர் படை ஒன்று அமைந்து அவற்றைத் திருத்திக் கொடுத்தது. ஓய்வு பெற்றோர் இல்லாத ஊர் எது? நம் ஊர்களிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர், கூட்டுறவு வங்கிச் செயலாளர், மின்வாரிய ஊழியர் எத்தனையோ பேர் மாலை வேளையைக் கோயில் மண்டபத்தில் கழிக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கணக்கைச் சரிபார்க்கும்படி யாரும் கேட்பதில்லை.

கேரளத்தில் நிறைவேறாதவை

வீடு, கழிப்பறை, கிணறு, சாலை ஆகியவற்றில் மக்கள் திட்டத்தின் பயன் விரைவாகத் தெரிந்தது. ஆனால் உற்பத்தித் துறையில் அவ்வளவு பயன் தெரியவில்லை. கேரளத்தில் 1970-களின் நடுவில் எட்டரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் சாகுபடிப் பரப்பு 2000-ஆம் ஆண்டளவில் மூன்றரை லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. நெல்லின் விலையும், கூலியும், நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றும் ஆசையும் ஒரு பஞ்சாயத்தின் எல்லைக்குள் அடங்குவன அல்ல. உள்ளூர் யோசனை எவ்வளவு சிறந்ததாயினும் அதற்கு எல்லையுண்டு என்பதை நாமும் ஒப்புக்கொண்டே இக்காரியத்தில் இறங்க வேண்டும்.

மற்றொரு குறை, சபைக்கு வந்தவர்களைப் பற்றியது. முதல் ஆண்டில் கூடிய கூட்டம் பின்னர் குறைந்தது. நாளடைவில் சபை என்பது உதவி பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் இடம் என்று ஆகிவிடவே, உதவி எதிர்பார்ப்பவர்கள் வந்தார்கள். எதிர்பார்க்காதவர்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள். முதல் போட்டுத் தொழில் தொடங்கக் கூடியவரும், வெளியூர்ச் சந்தையை அறிந்தவரும், படித்த வாலிபரும் வராத சபையில் உற்பத்தி யோசனைகள் எப்படிப் பிறக்கும்?

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியவை பெண்களின் அயல்கூட்டங்கள். 1998-இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ அமைப்பில் பத்து முதல் இருபது பெண்கள் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அவர்கள் பேசி முடித்தது வார்டு அமைப்புக்கும், பிறகு பஞ்சாயத்து அமைப்புக்கும் போகும். தரிசாய்க் கிடந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிர் செய்யும் முயற்சி இக்கூட்டங்களின் வழியே பரவியது. பெருஞ்சபையில் எழுந்து நின்று பேசக் கூசும் பெண், பதினைந்து பேர் நடுவில் பாயில் உட்கார்ந்து தாராளமாகப் பேசுகிறாள். தருமபுரியில் 1989-இல் மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கிய நமக்கு இது புதிய செய்தியன்று. எனினும் அக்குழுக்களைக் கடன் வாங்கவும் திருப்பிக் கட்டவும் மட்டுமே கூட்டுகிறோம். ஊரின் பொருளாதாரத்தைப் பற்றி அவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்பது குறைவு.

நம் சபைகளின் நிலை

கேரளப் பஞ்சாயத்து மிகப் பெரியது. நம் கிராம ஊராட்சிகள் பலவும் அங்குள்ள ஒரு வார்டின் அளவே இருக்கும். ஆகவே அவர்கள் வார்டில் செய்ததை நாம் ஊராட்சியில் செய்துவிடலாம். நமக்குச் சபை நாட்களும் ஆண்டுக்கு ஆறு உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்ற நான்கோடு, மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் பின்னர் சேர்க்கப்பட்டன. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேரும் வந்திருந்தால்தான் சபையின் கோரம் நிறையும். 200 பேர் இரண்டு மணி நேரம் கூடினால் ஒருவருக்குக் கிடைப்பது 36 விநாடி. மேடையில் இருப்போர் பாதி நேரத்தை எடுத்துக்கொண்டால் 18 விநாடி. பதினெட்டு விநாடியில் குறை சொல்லலாம்; யோசனை சொல்ல இயலாது.

ஆகையால் யோசனை திரட்டும் வேலை சபைக்கு முன்பே, குடியிருப்புக் குடியிருப்பாக நடந்தாக வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்களை இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும், பால் ஊற்றுவோரைச் சங்கத்திலும், பட்டியல் வகுப்பினரை அவர்கள் குடியிருப்பிலேயும் சந்திப்பது முறை. நிலவுடைமையாளருக்கு எதிரில் அவரிடம் கூலி வேலை செய்பவர் தம் மனத்திலுள்ளதைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது வீண். வியாபாரிகளையும் விலக்கிவிடலாகாது. சந்தையின் போக்கு அவர்களுக்குத்தான் தெரியும்; அவர்கள் ஆட்சேபிப்பதிலும் நமக்குப் பாடம் உண்டு.

கேள்வியை எப்படி அமைப்பது? ‘என்ன வேண்டும்?’ என்று கேட்பதை விட, ‘மாதத்தில் வெளியூரிலிருந்து வாங்குவது என்ன? அதில் இங்கே செய்யக் கூடியது எது? விளைந்ததை விற்கும்போது எந்த இடத்தில் நஷ்டம்? எந்த மாதத்தில் கையில் வேலை இல்லை? நமக்குப் பொதுவான எந்தச் சொத்து வீணாகிறது?’ என்று கேட்பது மேல். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, ஊரார் வெளியிலிருந்து வாங்கும் பண்டங்களைக் கணக்கெடுத்து, அவற்றுள் எவற்றை ஊரிலும் அண்டை ஊர்களிலும் சேர்ந்து உற்பத்தி செய்யலாம் என்று ஆராய்ந்தார். அதற்கும் வெகுகாலம் முன்பு, 1929–30-இல், நம் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா குஜராத்தின் மாதர் தாலுகாவில் மாணவர்களைத் துணைக்கொண்டு கிராமங்களின் வரவு செலவை ஆராய்ந்தார். கணக்குத் தணிக்கையாளராகத் தொழில் செய்த அவர், கிராமத்துக்கும் ஐந்தொகைக் கணக்கு உண்டு என்று கண்டார்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். நிலக்கடலை விளையும் ஊர். 400 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். விவசாயிகள் குழுவில், ‘கடலையைப் பச்சைக் காயாக விற்றுவிட்டு எண்ணெயை டவுனில் வாங்குகிறோம், ஊரிலேயே செக்குப் போடலாம்’ என்று ஒருவர் சொல்கிறார். நல்ல யோசனை. குடும்பத்துக்கு மாதம் 3 லிட்டர் வீதம் 1,200 லிட்டர் எண்ணெய் என்று கணக்கிடுகிறார்கள். இது எடையில் ஏறக்குறைய 1,090 கிலோ. நூறு கிலோ பருப்பில் நாற்பது கிலோ எண்ணெய் இறங்கும் என்றால், மாதம் 2,700 கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். தடவைக்கு 15 கிலோ பருப்பு ஆடும் மரச்செக்கில் மாதம் 180 தடவைக்கு மேல் ஆட்ட வேண்டியிருக்கும். நாளைக்கு நான்கு தடவை, மாதம் 25 நாள் என்றால் ஒரு செக்கில் 100 தடவைதான் ஆகும். ஆகவே இரண்டு செக்குகளும் அவற்றுக்குக் கடனும் வேண்டும் என்று தீர்மானம் எழுதப்படும்.

இனி, கூலி வேலை செய்யும் பெண்களின் குழுவுக்கு இதே கணக்கைக் கொண்டுபோவோம். ‘நாங்கள் நியாயவிலைக் கடையின் பாமாயிலைத்தான் உபயோகிக்கிறோம், கடலெண்ணெய் மாதம் அரை லிட்டர் வாங்கினால் அதிகம்’ என்று அவர்கள் சொல்லுவார்கள். அப்படிப்பட்ட குடும்பங்கள் 250 என்றால், ஊரின் தேவை 575 லிட்டராகக் குறைந்துவிடுகிறது. பருப்பு சுமார் 1,300 கிலோ, 87 தடவை, ஒரே செக்குப் போதும். இரண்டாவது செக்கின் கடன் தப்பியது. அதே பெண்கள் மற்றொன்றும் சொல்லக் கூடும்: ‘பிண்ணாக்கை ஊரிலேயே சகாய விலைக்குக் கொடுப்பதானால் நாங்கள் மாடு வைத்துக்கொள்வோம், ஓடு உடைத்துப் பருப்புத் தெரிந்தெடுக்கும் வேலையையும் எங்களுக்குக் கொடுங்கள்.’ முதல் குழுவுக்குத் தோன்றாத இரண்டு வருமானங்கள் இங்கே வெளிப்படுகின்றன. இப்படி ஒரு குழுவின் கணக்கை மற்றொரு குழு சோதிக்க வேண்டும். இதற்காகத்தான் பல இடங்களில் கேட்பது அவசியமாகிறது. மரியாதைக்காக மட்டும் அன்று.

எழுதுவதில் வேண்டிய கவனம்

கேட்பதைவிடக் கடினமானது எழுதிக்கொள்வது. ‘மாட்டுத் தீவனம் வாங்கியே பால் காசு போய்விடுகிறது’ என்று ஒரு பெண்மணி சொல்கிறாள். குறிப்பெடுப்பவர் ‘கால்நடை அபிவிருத்தி தேவை’ என்று எழுதிக்கொள்கிறார். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசனை செத்துவிட்டது. அவள் சொன்னதில் நோயின் காரணமும் மருந்தின் திசையும் இருந்தன. மாடு குறைவு என்று அவள் சொல்லவில்லை. தீவனச் செலவு மிகுதி என்றாள். அதற்குப் பரிகாரம், வாய்க்கால் ஓரத்திலோ வீட்டுக் கழிவு நீர் பாயும் இடத்திலோ கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை வளர்ப்பதாயிருக்கலாம்; புல் வளர்க்கப் பொது நிலத்தைக் குழுவுக்கு விடுவதாயிருக்கலாம். ‘கால்நடை அபிவிருத்தி’ என்ற தலைப்பின் கீழோ மாடு வாங்கக் கடன் வரும். தீவனம் வாங்க முடியாதவளுக்கு இன்னொரு மாடும் வந்து சேரும். ஆகையால் சொன்னவரின் சொல்லையே, அவர் பேசிய விதமாகவே, முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அலுவலக வாசகமாக மாற்றுவதைப் பிறகு செய்யலாம்.

பொதுச் சொத்துகளைப் பற்றி வரும் யோசனைகளைத் தனியாகக் குறிக்க வேண்டும். புளிய மரங்களின் மகசூல் ஏலம், குளத்தின் மீன்பாசிக் குத்தகை, வாரச் சந்தையின் வசூல் ஆகியவை பஞ்சாயத்தின் சொந்த வருவாயைத் தொடுபவை. ஏலத்தை யார் எடுக்கிறார்கள், சிறு குழுக்களும் எடுக்கத்தக்கவாறு பகுதி பகுதியாக விட்டால் வருமானம் குறையுமா கூடுமா என்று சபையிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதில் சிலருக்கு வருத்தம் நேரும் என்பதை நாம் அறிவோம். பல ஆண்டுகளாக ஏலம் எடுத்து வருபவர் சபையில் மறுப்புச் சொல்லுவார், சொல்லட்டும். அவர் மறுப்பும் பதிவேட்டில் ஏற வேண்டியதே.

செலவைக் கவனித்ததால் பிறந்த யோசனைக்குக் கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி சான்று. மேட்டுப்பாளையத்தை அடுத்த அவ்வூராட்சியில், குடிநீர் இறைக்கவும் தெருவிளக்குக்கும் ஆன மின் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிற்று. ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 1.55 கோடி ரூபாயில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006-இல் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் நிறுவினார்கள். தன் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை ஊராட்சி மின்வாரியத்துக்கு விற்றது. எல்லா ஊராட்சியும் காற்றாலை வைக்க இயலாது, வைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் தன் செலவுப் பட்டியலில் பெரிய தொகை எது என்று பார்த்து, அதைப் பற்றி யோசிப்பதற்கு எந்த ஊராட்சிக்கும் தடையில்லை.

யோசனைக்குப் பதில்

திரண்ட யோசனைகளைப் பிரிக்கும்போது, யாரால் ஆகக் கூடியது என்பதைக் கொண்டு பிரிப்பதே பயனுள்ளது. பணமே வேண்டாத யோசனைகள் எல்லா ஊரிலும் இருக்கும். அவற்றை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பதற்கு அனுமதி மட்டுமே தேவை. 2024-இல் விதியை எளிதாக்கி, வட்டாட்சியர் அளவிலேயே அந்த அனுமதி கிடைக்க வழி செய்யப்பட்டது. சில யோசனைகள் ஊராட்சியின் நிதிக்குள் முடியும். வேறு சில நம் எல்லைக்கு அப்பாற்பட்டவை. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதன் மதகைப் பற்றிய யோசனையை ஊராட்சித் தீர்மானத்தோடு நிறுத்திக்கொண்டால் அது தூங்கிவிடும். எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும்.

எடுத்துக்கொள்ளாத யோசனைக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். கடலைச் செக்கு என்று சொன்னவரிடம், ‘இவ்வாண்டு மழை குறைந்து கடலைப் பரப்புப் பாதியாகிவிட்டது, செக்குக்கு ஆறு மாதத்துப் பருப்புக்கூடத் தேறாது’ என்று கணக்கோடு சொன்னால் அவர் வருந்தமாட்டார், மறு ஆண்டு அதைவிடச் செம்மையான யோசனையோடு வருவார். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் அவர் மட்டுமல்ல, அவர் அருகில் உட்கார்ந்திருந்த நால்வரும் அடுத்த சபைக்கு வரமாட்டார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு ஒன்றைக் கூறுவோம். ஆகஸ்டு 15 சபையில், இவ்வாண்டு இன்ன நாட்களில் இன்னின்ன குடியிருப்புகளில் யோசனை கேட்கப்படும் என்று அறிவித்துவிடலாம். கேட்பவர்கள் ஏழெட்டுப் பேர் போதும். அவர்களில் பாதிப் பேர் பெண்களாயிருப்பது நல்லது. அவர்களுக்குத் தலைமையாசிரியர் ஒருவர் ஒரு நாள் பழக்கிக் கொடுத்தால் போதுமானது. செப்டம்பரில் கேட்டு முடித்து, அக்டோபர் 2 சபையில் நோட்டுப் புத்தகத்தை அப்படியே வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது சபையோர் குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கட்டும். நவம்பர் 1-க்குள் ஓய்வு பெற்றவர்களும் துறை அலுவலர்களும் கணக்குகளைச் சரிபார்த்துவிட்டால், ஜனவரி 26 சபையில் ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே அதன் பதில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தின் வெளிச்சுவரில், நின்று படிக்கும் உயரத்தில் ஒட்டிவைக்கவும். எழுத்துத் தெரியாதவர்களுக்காக, பால் ஊற்றும் நேரத்தில் சங்க வாசலில் ஒரு தடவை உரக்கப் படிக்கச் செய்யவும்.